வெள்ளியங்கிரி ஏறும் அன்பர்க்கு மலை விதிக்கும் நியமங்கள்

கோயம்புத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் பூண்டி என்னும் திருத்தலம் அமைந்துள்ளது. அங்கே அடிவாரக் கோயிலில் வெள்ளியங்கிரி ஆண்டவரை வணங்கி, மூங்கில் தடி ஒன்றைக் கையில் ஏந்தி, ஏழு மலைகளைக் கடந்து, உச்சியில் பாறைகளின் நடுவே சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் ஈசனைத் தரிசிப்பது கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். தென்கயிலை என்று இம்மலையைப் போற்றுவர். தாத்தா ஏறிய மலையில் மகன் ஏறினார். மகன் ஏறிய மலையில் இன்று பேரன் ஏறுகிறான்.

ஒருவழிப் பாதை 6 கிலோமீட்டர் அளவே எனினும், அது சமவெளியில் நடக்கும் 6 கிலோமீட்டர் அன்று. முதல் மலையின் செங்குத்தான படிகளே பலரது மூச்சைச் சோதித்துவிடும். வெள்ளை விநாயகர் சந்நிதியில் சற்று இளைப்பாறி, வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, சீதைவனம் எனப் பெயர் பெற்ற இடங்களைக் கடந்து, ஆண்டிச் சுனையின் குளிர்நீரில் நீராடி, இறுதி மலையை அடைய வேண்டும். பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை இப்பாதையில் அன்பர்களுக்கு அனுமதி உண்டு. மகா சிவராத்திரியிலும் சித்ரா பௌர்ணமியிலும் கூட்டம் பெருகும்.

இங்கே மூத்தோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏழு மலைகளும் போளுவாம்பட்டி வனச்சரகத்தைச் சேர்ந்த காப்புக் காடு. யானை, சிறுத்தை, கரடி, காட்டுமாடு ஆகியவை வாழும் நிலம் அது. அன்பர்கள் மலையேறும் மாதங்களே காடு வறண்டு கிடக்கும் மாதங்கள். ஓடைகள் வற்றி, புல் காய்ந்து, விலங்குகள் நீரையும் நிழலையும் தேடி இடம்பெயரும் காலம் அது. மனிதர் பெருந்திரளாகக் காட்டுக்குள் செல்வதும், விலங்குகள் தாகத்தோடு நடமாடுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன.

"விரதம் இருந்து ஏறுபவனை மிருகம் தீண்டாது, ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் பெரியோர் உண்டு. அந்த நம்பிக்கையைக் குறை கூற இடமில்லை. ஆனால் அதே நம்பிக்கையோடு வாழ்ந்த முன்னோர் எவ்வாறு மலையேறினர் என்பதையும் நினைவுகூர வேண்டும். அவர்கள் தனித்துச் செல்லவில்லை, கூட்டமாகவே சென்றனர். மலையடிவாரத்து இருளர், மலசர் மக்களின் சொல்லைக் கேட்டே நடந்தனர். யானையின் தடம் புதிதாகக் கண்ட இடத்தில் நின்று காத்திருந்தனர். அந்த எச்சரிக்கையை அவர்கள் அவநம்பிக்கை என எண்ணவில்லை. விரதத்தின் ஓர் அங்கமாகவே கொண்டனர். உண்ணும் உணவுக்கும் பேசும் சொல்லுக்கும் நியமம் உண்டு என்றால், வைக்கும் அடிக்கும் நியமம் உண்டு.

யானையின் வழி

விநாயகப் பெருமானின் திருமுகம் கொண்ட விலங்கு என்பதால் யானையைக் கண்டதும் கைகூப்புவது அன்பர்களின் இயல்பு. கோயில் யானையைக் கண்டு பழகிய கண்களுக்குக் காட்டு யானையும் அவ்வாறே தோன்றும். அதன் அருகே சென்று கற்பூரம் காட்டவும், வாழைப்பழம் நீட்டவும், கைப்பேசியில் படம் எடுக்கவும் சிலர் முற்படுகின்றனர். இது பேராபத்து. காட்டு யானைக்கு மனிதன் பக்தனும் அல்லன், பாகனும் அல்லன். தன் வழியில் குறுக்கிட்ட ஓர் அந்நியன். குட்டியோடு வரும் தாய் யானையும், மதம் கொண்ட தனி ஆண் யானையும் சிறிதும் பொறுக்கமாட்டா. அவ்வளவு பெரிய உடலைக் கொண்டும் அது மனிதனைவிட விரைவாக ஓட வல்லது.

யானைக்குக் கண்பார்வை கூர்மை குறைவு. மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. எனவே அதைக் காணும் முன்பே அதன் குறிப்புகளை உணர்ந்துகொள்வது நலம். ஈரம் காயாத சாணம், புதிதாக முறிந்த கிளை, மூங்கில் படபடவென ஒடியும் ஓசை, காதுகள் விசிறும் ஒலி, அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கேட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். பேச்சை நிறுத்தி, வந்த வழியே மெல்லப் பின்வாங்கி, வனப் பணியாளரிடமோ அடிவாரத்திலோ தெரிவிக்க வேண்டும். கல்லெறிவது, கூச்சலிடுவது, பட்டாசு வெடிப்பது, டார்ச் விளக்கை அதன் கண்ணில் பாய்ச்சுவது ஆகிய அனைத்தும் அதன் சினத்தைத் தூண்டுவன. ஒருவேளை அது துரத்த நேர்ந்தால், பெருமரத்தையோ பாறையையோ இடையில் வைத்து விலக வேண்டும். தோளில் உள்ள துண்டையோ பையையோ கீழே போட்டால், சில வேளைகளில் யானை அதை மோந்து நிற்க, தப்புவதற்குச் சிறிது நேரம் கிடைக்கும்.

யானையை மனிதரிடம் ஈர்ப்பது பெரும்பாலும் உணவின் மணமே. அரிசி, வெல்லம், உப்பு, பழம் ஆகியவற்றின் வாசனையை அது தொலைவிலேயே அறியும். பூண்டி அடிவாரத்தை உணவு தேடி யானைகள் நெருங்கிய செய்திகள் பல முறை வெளிவந்துள்ளன. ஆகவே மீந்த சோற்றையும் பழத்தோலையும் வழியில் வீசுவது, பின்னால் வரும் அன்பர்களின் உயிருக்கு ஊறு தேடுவதாகும். அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்துப் பிளாஸ்டிக் பொருள்களை விலக்கிவிடுகின்றனர். அதைத் தொல்லை எனக் கருதி முணுமுணுப்போர் உண்டு. பிளாஸ்டிக் உறையில் ஒட்டிய உணவின் மணத்துக்காக அதையும் சேர்த்து விழுங்கும் மானும் யானையும் படும் துன்பத்தை எண்ணினால், அந்தச் சோதனையும் ஒரு கைங்கரியமே என்பது விளங்கும்.

இருளில் ஏறுதல்

உச்சியில் சூரிய உதயம் காண வேண்டும் என்னும் ஆவலால் இரவில் ஏறுவோர் பலர். வெயிலின் கடுமையிலிருந்து தப்பலாம் என்பது உண்மை. ஆனால் யானையும் சிறுத்தையும் கரடியும் மிகுதியாக நடமாடுவது அந்தி தொடங்கி விடியும் வரையிலான பொழுதிலேயே. எனவே வனத்துறை அறிவிக்கும் நேரத்தை மீறுவதும், குறுக்குவழியில் இறங்குவதும், கூட்டத்தைவிட்டு ஒருவர் மட்டும் ஒதுங்குவதும் கூடாதவை. இயற்கை உபாதைக்காக ஒதுங்க நேர்ந்தாலும் துணையோடு, பாதை கண்ணில் படும் தொலைவிலேயே ஒதுங்க வேண்டும்.

இந்நியமம் வெள்ளியங்கிரிக்கு மட்டும் உரியதன்று. மருதமலை முருகன் கோயிலின் படிகளில் வைகறையில் ஏறி வருவதை அன்றாட வழக்கமாகக் கொண்ட மூத்த அன்பர்கள் பலர். பெரிய தடாகத்தை அடுத்த அனுவாவி சுப்பிரமணியர் கோயிலுக்குச் செல்வோரும் உண்டு. தாகத்தால் வாடிய அனுமனுக்காக முருகப்பெருமான் வேலால் ஊற்றை உண்டாக்கினார் எனத் தலபுராணம் கூறும் இடம் அது. இவ்விரு தலங்களைச் சுற்றியும் யானையும் சிறுத்தையும் நடமாடும் காடு உண்டு. நன்கு வெளிச்சம் வந்த பிறகு ஏறத் தொடங்குவதும், அந்தி சாயும் முன் கீழிறங்கிவிடுவதும் அங்கும் பொருந்தும்.

சிறுத்தையைக் கண்டால் ஓடக் கூடாது, குனியவும் கூடாது. குனிந்த உருவம் அதற்குச் சிறு இரைபோலத் தோன்றும். குழந்தை உடனிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, உரத்த குரல் கொடுத்தபடி பின்வாங்க வேண்டும். கரடி பெரும்பாலும் திடுக்கிடும்போதே தாக்கும். புதர் அடர்ந்த வளைவுகளில் இயல்பான குரலில் பேசிக்கொண்டோ நாமம் சொல்லிக்கொண்டோ நடந்தால், அது முன்கூட்டியே விலகிவிடும். ஆனால் பறையும் ஊதுகுழலும் கொண்டு காட்டை அதிரச் செய்வது வேறு. அது விலங்குகளை மிரளச் செய்து திசை தெரியாமல் ஓட வைக்கும். காட்டுமாட்டைக் காண்போர் அதை வீட்டு எருமைபோல் விரட்ட எண்ணலாகாது. அது கடந்து செல்லும் வரை ஒதுங்கி நிற்பதே தகும்.

தேனீயும் கற்பூரமும்

உயர்ந்த பாறைகளிலும் பெருமரங்களிலும் கோயில் கோபுரங்களிலும் பெரிய அடைகளாகத் தொங்குவன மலைத்தேனீக்கள். ஓர் அடையில் பல்லாயிரம் தேனீக்கள் வாழும். அவற்றைச் சினமூட்டுபவற்றுள் புகையும் கடும் வாசனையும் முதன்மையானவை. எனவே அடை உள்ள இடத்தின் அருகே கற்பூரமோ ஊதுபத்தியோ ஏற்றுவது தகாது. காட்டுக்குள் வேண்டிய இடத்திலெல்லாம் கற்பூரம் ஏற்றுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. மாசி முதல் சித்திரை வரை காய்ந்து நிற்கும் புல்லில் ஒரு பொறி விழுந்தாலும் மலையே பற்றி எரியும். தீபம் ஏற்றும் இடம் சந்நிதி. வழிநெடுகிலும் மனத்தில் ஏற்றும் தீபமே போதும்.

தேனீக்கள் கலைந்து கொட்டத் தொடங்கினால், கைகளை வீசி அடிக்கக் கூடாது. ஒன்றை நசுக்கினால் எழும் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். முகத்தையும் தலையையும் துண்டால் போர்த்திக்கொண்டு விரைவாக அவ்விடத்தைவிட்டு விலக வேண்டும். நீரில் மூழ்கித் தப்ப நினைப்பது பயன் தராது. வெளியே தலை எடுக்கும்வரை அவை வட்டமிடும். தோலில் பதிந்த கொடுக்கை நகத்தாலோ அட்டையின் விளிம்பாலோ தாமதமின்றி வழித்தெடுக்க வேண்டும். பல இடங்களில் கொட்டு பட்டவரையும், முகம் வீங்கியவரையும், மூச்சுத் திணறுபவரையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது கட்டாயம். இதயநோய் உள்ள மூத்தோர்க்கு இது இன்னும் முக்கியம்.

நாகத்தைப் போற்றுவதும் காத்துக்கொள்வதும்

மருதமலையில் பாம்பாட்டிச் சித்தரின் குகை இருக்கிறது. வெள்ளியங்கிரிப் பாதையிலும் ஒரு சுனைக்குப் பாம்பாட்டிச் சுனை என்றே பெயர். நாகத்தைப் போற்றும் மரபில் வந்தவர்கள், நாகம் இருக்கும் இடத்தில் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் உயிரிழந்ததாக ஆய்வொன்று கணித்துள்ளது. பலர் இறப்பது நஞ்சின் வலிமையால் மட்டுமன்று. காலம் தாழ்த்துவதாலும் ஆகும்.

காய்ந்த சருகுக்குள்ளும் கல்லிடுக்கிலும் கையை விடாதிருத்தல், விழுந்த மரத்தின் மேல் ஏறி மறுபக்கம் பார்த்த பின்னரே காலை வைத்தல், இருளில் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடத்தல் ஆகியவை எளிய காப்புகள். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி உடலைத் தாங்குவதற்கு மட்டும் உரியதன்று; முன்னே செல்லும் காவலாகவும் அதைக் கொள்ளலாம். வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டவர்கள் வெளிச்சம் உள்ள நேரத்தில் மட்டும் ஏறுவது நலம்.

கடி பட்டுவிட்டால் செய்யத் தகாதவை பல. கயிற்றால் இறுகக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் கட்டிக் காத்திருப்பது ஆகிய அனைத்தும் தீமையே தரும். செய்யத் தக்கவை சில. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிந்த கையையோ காலையோ அசையாமல் வைப்பதுபோல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைக்க வேண்டும். அவரை நடக்கவிடாமல் டோலியில் சுமந்து இறக்கி, 108 எண்ணுக்கு அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர முயல்வதில் நேரமும் போகும், இன்னொருவரும் கடிபடுவார்.

நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தமிழ்நாட்டில் திரட்டித் தருவோர் இருளர் மக்களே. செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு முதல் அவர்களது கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தலைமுறைகளின் அறிவும் மருத்துவமும் ஒன்றுகூடி உயிர் காக்கும் மருந்து ஆயத்தமாக இருக்கும்போது, அதை நாடாமல் மந்திரிப்பதில் பொழுதைப் போக்குவது அறிவுடைமை ஆகாது. மந்திரம் ஓதுவோர் மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியில் அமர்ந்தும் ஓதலாம்.

அனுமனின் இனம்

மலைக்கோயில்கள் அனைத்திலும் குரங்குகள் உண்டு. அவற்றுக்குப் பழம் கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதும் வழக்கமும் உண்டு. ஆனால் கையிலிருந்து உண்டு பழகிய குரங்கு, நாளடைவில் கையிலிருந்து பறிக்கக் கற்றுக்கொள்கிறது. மூக்குக் கண்ணாடியையும் பூசைக் கூடையையும் இழந்து, படியில் நிலைதடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது மூத்தோர்க்கு ஆண்டுக்கணக்கில் துன்பம். உணவைப் பையினுள் மூடி வைப்பதும், குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்காதிருப்பதும், அது எதையேனும் பற்றிக்கொண்டால் இழுத்துப் போராடாமல் விட்டுவிடுவதும் நன்று. கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சிறு கீறல்தானே என விட்டுவிடலாகாது.

ஈசன் ஏற்கும் நச்சு மலர்கள்

விலங்குகளைக் கண்டு அஞ்சுவோரும் செடிகளைக் கண்டு அஞ்சுவதில்லை. காட்டுச் செடிகளுள் நஞ்சுடையன பல. அவற்றுள் சில பூசைக்கு உரியன என்பது எண்ணத் தக்கது. சிவபெருமானுக்குச் சாத்தும் ஊமத்தை, விநாயகருக்கு மாலையாகும் எருக்கு, அன்றாட அருச்சனைக்கு உதவும் அரளி, முருகனுக்கு உகந்த செங்காந்தள் ஆகிய நான்கும் உண்டால் உயிருக்கு ஊறு விளைப்பன. ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்திய பெருமான் நஞ்சுடைய மலரையும் ஏற்றருள்கிறான். அவ்வாறு ஏற்பது இறைவனுக்கே உரியது. அடியவர் அவற்றை வாயில் வைத்தல் ஆகாது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கொங்கு நாட்டு உழவர் கண்வலிக்கிழங்கு என்பர். மூலனூர், தாராபுரம் பகுதிகளில் மருந்துக்காக இதைப் பயிரிடுகின்றனர். மழைக்குப் பின் மலைச்சரிவுகளில் தீக்கொழுந்துபோல் இது பூத்து நிற்கும். இதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என மயங்கி உண்டவர் உயிரிழந்ததுண்டு. அரளியின் இலை, பூ, விதை ஆகிய எல்லாப் பகுதிகளும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும். அரளிக் குச்சியால் பல் துலக்குவதோ உணவைக் கிளறுவதோ கூடாது. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் முதலில் பெரிய வலி தோன்றாமலே பார்வை மங்கிவிடும். வலி இல்லையே என இராமல், தூய நீரால் 15 நிமிடம் கழுவிக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விநாயகர் சதுர்த்தியன்று எருக்க மாலை தொடுக்கும் பெண்கள் கையைக் கழுவிய பின்னரே கண்ணைத் தொடுதல் நலம்.

வழியில் பழுத்துக் கிடக்கும் பெயர் அறியாத பழங்களைச் சுவைத்துப் பார்ப்பதும், "சஞ்சீவி மூலிகை" என ஒருவர் காட்டும் இலையை மென்று பார்ப்பதும் வேண்டா. பழக்கமான மூலிகையே ஆயினும் காப்புக் காட்டில் பறிப்பது குற்றம். நச்சுச் செடியை எவரேனும் உண்டுவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், உண்ட செடியின் ஒரு பகுதியோடு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தீண்டினாலே துன்புறுத்தும் செடிகளும் உண்டு. செந்தட்டி என்றும் காஞ்சொறி என்றும் வழங்கும் செடியின் நுண்முடிகள் பட்டதும் தீப்பட்டதுபோல் எரியும். பூனைக்காலியின் முற்றிய காய்களின் மேலுள்ள பொன்னிறச் சுணை காற்றிலும் பறந்து தாங்க முடியாத அரிப்பைத் தரும். இவ்விரண்டிலும் தேய்ப்பதும் சொறிவதும் முடிகளை இன்னும் ஆழமாகப் பதிக்கும். ஒட்டும் நாடாவை மெல்ல ஒட்டி எடுத்தால் முடிகள் அதனோடு வந்துவிடும்; பின்னர் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கழுவலாம். முழுக்கைச் சட்டை அணிந்து, பாதையின் நடுவே நடந்தால் இத்துன்பம் நேராது. மழை பெய்த பின் ஈரமான இடங்களில் அட்டை ஏறினால் பிடித்து இழுக்காமல், நகத்தின் விளிம்பால் அதன் வாயை மெல்ல விடுவிக்க வேண்டும். வீடு திரும்பியதும் காதின் பின்புறம், அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியுள்ளதா எனப் பார்ப்பது நன்று. அதன் பின் காய்ச்சல் வந்தால், காட்டுக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடலின் சொல்லும் கேட்கத் தக்கது

விலங்கையும் நஞ்சையும்விட வெள்ளியங்கிரியில் அதிகமாக உயிர் கவர்வது உடலின் தளர்ச்சியே. 2024-ஆம் ஆண்டின் மலையேற்றக் காலத்தில் மட்டும் அன்பர்கள் சிலர் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் வழியிலேயே உயிர் நீத்தனர். அவர்களுள் இளையோரும் இருந்தனர். இதயநோய், ஆஸ்துமா, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் ஏறலாகாது. நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, தலைசுற்றல் ஆகியவை தோன்றியவுடன் எத்தனையாவது மலையில் இருந்தாலும் அங்கேயே அமர்ந்துவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்று எவரும் அவரை வற்புறுத்தலாகாது.

ஏற இயலாத மூத்தோர் மனம் வருந்த வேண்டியதில்லை. பூண்டி அடிவாரத்தில் எழுந்தருளியிருப்பவரும் வெள்ளியங்கிரி ஆண்டவரே. மலையை நோக்கிக் கைகூப்பி அங்கே அமர்ந்திருக்கும் ஓர் மூதாட்டியின் வழிபாடு, ஏழு மலை ஏறியவரின் வழிபாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று.

மூத்தோர்க்கு இன்னொரு கடமையும் காத்திருக்கிறது. வனத்துறை வைத்த பலகையைப் படிக்காமல் கடந்து செல்லும் இளைஞனும், தாத்தாவோ பாட்டியோ திருநீறு பூசி வழியனுப்பும்போது சொல்லும் சொல்லைத் தட்டமாட்டான். அப்போது சொல்ல வேண்டியவை நான்கே. கூட்டத்தைவிட்டுப் பிரியாதே. யானை நின்றால் நீயும் நில். அது போன பின்பு போ. பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்காதே. உடம்பு முடியவில்லை என்றால் பாதியிலே திரும்பி வா, ஆண்டவன் கோபித்துக்கொள்ளமாட்டான். நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டு நிறைவேற்றலாம். மலை அங்கேயே இருக்கும். பேரனும் பத்திரமாக இருக்க வேண்டும்.